மாணவ முதல்வர்களைத் தயார்செய்தல்: மூன்று வரிக் கொப்பியிலிருந்து சைக்கிள் தரிப்பிடம் வரை

மாணவ முதல்வர்களுக்குப் பொறுப்பாகப் புதிதாய் நியமிக்கப்படும் ஆசிரியர் கைக்கு வருவது பெரும்பாலும் ஒரு பெயர்ப்பட்டியல்தான். சின்னம் சூட்டும் நாள் குறித்தாயிற்று, உறுதிமொழியும் அச்சடித்தாயிற்று. அந்த இருபது, இருபத்தைந்து பிள்ளைகளை எப்படி வளர்ப்பது என்று மட்டும் யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள். பிறகு வழமையானது நடக்கும். வெளியிலிருந்து ஒருவர் வந்து இரண்டு மணித்தியாலம் தலைவருக்குரிய பண்புகளைப் பற்றிப் பேசுவார், பிள்ளைகள் எழுதிக்கொள்வார்கள், திங்கட்கிழமை வாசலில் நின்று பிந்தி வருகிறவர்களின் பெயரைக் குறிக்கத் தொடங்குவார்கள்.

இங்கே சொல்லும் வழி எட்டு வாரத்துக்குரியது. பிள்ளை தான் அன்றன்று செய்ததைப் பார்க்கப் பழகும். அதிலிருந்து தன் பலத்தை இனங்காணும். அந்தப் பலத்துக்கு ஏற்ற சின்ன, ஆனால் உண்மையான வேலையொன்றை எடுத்து நடத்தும். முடிந்தபின் அதைத் திரும்பிப் பார்க்கும். ஒரு தவணைக்குள் அடங்கிவிடும். முதலாம் தவணையில் இல்ல மெய்வல்லுநர் போட்டி வரும் என்பதால் அந்த வாரங்களில் புதிதாய்த் தொடங்க வேண்டாம். போட்டியையே பிள்ளைகளுக்குரிய வேலையாக வைத்துக்கொள்ளலாம்.

தொடங்குமுன்

ஒரு தொகுதிக்கு 24 பிள்ளைகள் மட்டும். கூடினால் இரண்டாகப் பிரியுங்கள். நால்வர் கொண்ட ஆறு குழுக்கள், 12 பிள்ளைக்கு ஓர் ஆசிரியர். இந்தக் கணக்கு முக்கியம். ஒவ்வொரு பிள்ளையின் கொப்பியையும் வாரத்தில் ஒருமுறை ஐந்து நிமிடம் அந்தப் பிள்ளையோடு இருந்து பார்க்கவேண்டும். 12 பேருக்கு ஒரு மணித்தியாலம் போகும். 24 பேரை ஒருவரே பார்க்க வெளிக்கிட்டால் மூன்றாம் வாரமே கைவிட்டுப்போகும்.

நேரத்தைப் பாடசாலை முடிந்தபின் வைக்காதீர்கள். 1.30க்கு மணி அடித்தால் பாதிப் பிள்ளைகளுக்கு 2.30க்கு ரியூசன். தீவகத்திலிருந்து வருகிறவர்களுக்கு பஸ் போய்விடும். வந்திருக்கிற பிள்ளையும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கும். அதிபரிடம் கேட்டு வாரத்தில் ஒரு பாடவேளையை எடுத்துக்கொள்ளுங்கள். 40 நிமிடம் போதும்.

தேவையானவை: ஆளுக்கு 80 பக்கக் கொப்பி ஒன்று, வேலை அட்டைக்காக ஏ4 அளவு தடித்த தாள் 12 (பாதியாக வெட்டினால் 24 அட்டை), ஒரு கோவை. வேறொன்றும் வேண்டாம். திரைப்படக்காட்டியும் பதாகையும் தேடி ஓடுவதில் போகும் நாளைக் கொப்பி வாசிக்கச் செலவழியுங்கள்.

ஒரு விதியை முதல்நாளே எல்லோருக்கும் முன்னால் சொல்லிவிடுங்கள்: கொப்பி பிள்ளைக்குரியது. ஆசிரியர் பிள்ளை காட்டுகிற பக்கத்தை மட்டும் வாசிப்பார். வகுப்பில் சத்தமாய் வாசிக்கமாட்டார். இதற்கு ஒரேயொரு விலக்கு உண்டு, அதையும் அப்போதே சொல்லவேண்டும். பிள்ளைக்கு ஆபத்து என்று தெரியவந்தால் அதை மூடிவைக்க முடியாது. பாடசாலையின் வழிகாட்டல் ஆலோசனை ஆசிரியரிடம் போகவேண்டும். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் இலக்கம் 1929, மனநல உதவிக்கு 1926. இரண்டையும் கொப்பியின் பின்னட்டையில் எல்லாப் பிள்ளைகளையும் எழுதச் சொல்லுங்கள். எல்லோரும் எழுதினால் யாருக்குத் தேவைப்பட்டது என்று ஒருவருக்கும் தெரியவராது.

இதோடு சேர்ந்த இன்னொன்று. தன்னறிவுப் பயிற்சி என்றதும் பலர் "உன் வாழ்க்கையை ஒரு ஆறாக வரை" என்று தொடங்குகிறார்கள். யாழ்ப்பாணத்தில் இதைச் செய்யாதீர்கள். 2009க்குப் பிறகு பிறந்த பிள்ளைகளின் வீடுகளிலும் இடப்பெயர்வும் இழப்பும் காணாமற்போனவர்களும் இருக்கிறார்கள். அந்தக் கதவை 40 நிமிடப் பாடவேளையில் திறந்துவிட்டு மணி அடித்ததும் எழும்பிப் போக முடியாது. கடந்த மூன்று மாதத்துக்குள் நடந்தவற்றை மட்டும் கேளுங்கள். தலைமைத்துவத்துக்கு அது தாராளமாகப் போதும்.

முதல் இரண்டு வாரம்: மூன்று வரி

ஒவ்வொரு பாடசாலை நாளும் மூன்று வரி. இன்று நான் செய்த ஒரு காரியம். செய்யுமுன்னும் செய்தபின்னும் எனக்கு எப்படி இருந்தது. அதனால் இன்னொருவர் என்ன செய்தார். பத்து நாளில் முப்பது வரி.

பண்புப்பெயர் எழுதக்கூடாது என்பது ஒரே கட்டுப்பாடு. "பொறுப்பானவன்", "பொறுமைசாலி", "நல்லாய் நடந்தது" எல்லாம் தள்ளுபடி. ஒரு பிள்ளை இப்படி எழுதலாம்:

"காலைப் பிரார்த்தனையில ஒலிவாங்கி நிண்டுபோச்சு. நான் வரிசைக்குப் பின்னாலை போய், தரம் 6 பிள்ளையளைக் கிட்ட வந்து நிக்கச் சொன்னனான். முதல் பயமாய் இருந்தது, பிறகு ஒண்டும் தெரியேல்லை. தேவாரம் பாடின அக்கா ஒலிவாங்கி இல்லாமலே பாடி முடிச்சவ."

இதில் "தலைமை" என்ற சொல்லே இல்லை. ஆனால் கூட்டத்தின் பின்வரிசைக்குக் கேட்காது என்பதை இந்தப் பிள்ளை முதலில் கவனித்திருக்கிறது, ஒருவரிடமும் கேட்காமல் நகர்ந்திருக்கிறது, பயம் வேலை தொடங்கியதும் போயிருக்கிறது. மூன்று வரியில் மூன்று தடயம்.

இங்கே பிழைக்கும் இடங்கள் இரண்டு. ஆசிரியர் எதை விரும்புவார் என்று பார்த்து எழுதுவது ஒன்று. நம் பிள்ளைகள் கட்டுரை எழுதிப் பழகியவர்கள். பரீட்சைக்கு எழுதுவது போலவே இதையும் எழுதுவார்கள். திருத்தம் எளிது: ஒரு வரியைச் சுட்டி, "அப்ப நீ எங்கை நிண்டனீ? ஆர் பக்கத்தில?" என்று கேளுங்கள். நடக்காத சம்பவத்துக்கு இடம் சொல்வது கஷ்டம். மற்றது, பத்து நாளையும் ஒரே இரவில் எழுதி முடிப்பது. ஒரே மை, ஒரே சரிவு, எல்லா நாளும் ஒரே நீளம் என்றால் அதுதான். பேச வேண்டாம், அடுத்த வாரம் கடைசிப் பாடவேளையின் இறுதி ஐந்து நிமிடத்தை எழுதுவதற்கு ஒதுக்கிக் கொடுங்கள்.

மூன்றாம் வாரம்: பலத்துக்குப் பெயர் வைத்தல்

பத்து நாள் கொப்பியைப் பிள்ளையே வாசித்து, ஒன்றுபோல் தெரியும் சம்பவங்களுக்குக் கீழே கோடிடவேண்டும். ஒன்றைப் பலம் என்று சொல்ல மூன்று அடையாளம் பாருங்கள். செய்தது நன்றாய் வந்திருக்கிறது. செய்து முடித்தபோது களைப்பைவிட உற்சாகம் கூடியிருக்கிறது. யாரும் சொல்லாமலே செய்திருக்கிறது. இவை மூன்றும் வெவ்வேறு மூன்று நாளில் தெரிந்தால் எழுதலாம். ஒருநாள் நடந்தது தற்செயல்.

இரண்டாவது அடையாளத்தைப் பலர் விட்டுவிடுகிறார்கள். நன்றாகச் செய்கிற பிள்ளையிடமே திரும்பத் திரும்பக் கொடுப்போம். அழகாய் எழுதும் பிள்ளை ஐந்து வருடமாகக் கரும்பலகைக்கு எழுதிக்கொண்டிருக்கும். அதைச் செய்யும்போதெல்லாம் அந்தப் பிள்ளையின் இரண்டாம் வரி "அலுப்பு" என்றிருந்தால், அது திறமை. பலம் வேறெங்கோ இருக்கிறது.

பெயரைப் பிள்ளையின் பேச்சுத் தமிழிலேயே, செயலாக வைக்கச் சொல்லுங்கள். "சண்டை பிடிச்ச ரெண்டு பேரையும் தனித்தனியக் கூட்டிக்கொண்டுபோய்க் கதைக்கிறது." "ஆர் வரேல்லை எண்டு முதல் பாக்கிறது." இவை "தொடர்பாடல் திறன்" என்பதைவிட எவ்வளவோ பயன்படும். வேலை ஒதுக்கும் நாளில் இந்தப் பெயரை வைத்துக்கொண்டுதான் யாரை எங்கே விடலாம் என்று தெரியும்.

உளவியலாளர்கள் கிறிஸ்ரோபர் பீற்றர்சனும் மார்ட்டின் செலிக்மனும் 2004இல் வெளியிட்ட வகைப்பாட்டில் ஆறு தலைப்பின் கீழ் 24 குணப்பலங்கள் உள்ளன. சொல் கிடைக்காமல் தடுமாறும் பிள்ளைக்கு அந்தப் பட்டியலைக் காட்டலாம். அதன் வினாக்கொத்தை நிரப்பவைத்து வரும் தரவரிசையை வைத்துப் பிள்ளைகளை ஒப்பிடாதீர்கள், தெரிவுக்கும் பயன்படுத்தாதீர்கள். அது பிள்ளை தன்னைப் பற்றித் தானே சொன்னது. ஒருவருக்குள் எது முன்னிற்கிறது என்பதைக் காட்டும், இருவரில் யார் மேல் என்பதைக் காட்டாது. தெரிவுக்கென்று தெரிந்தால் விடையும் அதற்கேற்ப மாறும்.

நான்காம் வாரம்: மற்றவரின் கண்

1955இல் ஜோசப் லுஃப்ற், ஹரிங்டன் இங்ஹாம் என்ற இருவர் வரைந்த நான்கு கட்டச் சட்டம் ஒன்றுண்டு. இருவரின் முதற்பெயர்களையும் சேர்த்து ஜோஹரி யன்னல் என்பார்கள். எனக்கும் பிறருக்கும் தெரிந்தது, எனக்கு மட்டும் தெரிந்தது, பிறருக்கு மட்டும் தெரிந்தது, ஒருவருக்குமே தெரியாதது. இந்த வாரம் மூன்றாவது கட்டத்துக்குரியது.

பிள்ளை ஐந்து பேரிடம் போகவேண்டும்: ஒரு வகுப்புத் தோழர், தன்னைவிடச் சின்ன வகுப்புப் பிள்ளை ஒன்று, பாட ஆசிரியர் ஒருவர், வீட்டில் ஒருவர், வெளியில் ஒருவர். வெளியில் என்றால் சனசமூக நிலையமோ விளையாட்டுக் கழகமோ கோயில் தொண்டோ. நல்லூர்த் திருவிழாவின் 25 நாளும் சாரணராகவோ முதலுதவியிலோ நிற்கிற பிள்ளைகளுக்கு அங்கே பொறுப்பாய் இருந்தவரைவிட நல்ல சாட்சி கிடையாது. வெயிலில் சனநெரிசலுக்குள் பிள்ளை எப்படி இருந்தது என்று அவர் கண்டிருக்கிறார்.

கேள்வியை மாற்றாமல் கேட்கவேண்டும்: "நான் உங்களுக்கு உதவியாய் இருந்த ஒரு நேரத்தைச் சொல்லுங்கோ. அப்ப நான் என்ன செய்தனான்?" "நான் எப்பிடிப்பட்ட ஆள்?" என்று கேட்டால் இரண்டு பதில்தான் வரும். ஒன்று "நல்ல பிள்ளை", அதோடு முடிந்தது. மற்றது மௌனம். முகத்துக்கு நேரே பிள்ளையைப் புகழ்ந்தால் நாவூறு பட்டுவிடும் என்று நினைக்கிற அம்மம்மாவிடம் பாராட்டைப் பிடுங்க முடியாது. அதே அம்மம்மா நடந்ததைக் கேட்டால் சொல்லுவா: "போன மாசம் எனக்குக் காய்ச்சல் எண்டோடனை கிளினிக் கொப்பியைத் தேடி எடுத்து வாசல்ல வைச்சவன், நான் கேக்கமுதல்." கேட்டதை வார்த்தை மாறாமல் எழுதிக்கொண்டு வரவேண்டும். சின்ன வகுப்புப் பிள்ளை சொல்வதுதான் அநேகமாக மிகக் கூர்மையாக இருக்கும். மேல்வகுப்பு அண்ணன், அக்காவின் முகத்தை அவர்களே மிகக் கவனமாய்ப் பார்க்கிறார்கள்.

பெயரில்லாத துண்டுச் சீட்டில் ஒருவர் மற்றவரின் குறையை எழுதும் விளையாட்டைத் தவிருங்கள். அடுத்த நாளே அது பட்டப்பெயராகிவிடும். அதை உங்களால் திரும்ப எடுக்க முடியாது.

ஐந்தாம் வாரம்: பலம் கூடினால்

இந்த எட்டு வாரத்தில் எங்கள் பார்வையில் மிகப் பெறுமதியான பகுதி இது. பிள்ளைகளைக் குழப்புவது அநேகமாக அவர்களின் பலவீனம் என்று நினைக்கிறோம். மாணவ முதல்வர்களிடையே வரும் பிரச்சினைகளை ஒவ்வொன்றாய் எடுத்துப் பார்த்தால், பெரும்பாலானவற்றுக்குப் பின்னால் அளவு மீறிய ஒரு பலம் இருக்கும்.

உடனே முடிவெடுக்கிற பிள்ளை, மற்றவர் வாயைத் திறக்குமுன் வேலையைத் தொடங்கிவிடும். இரண்டாம் கிழமை குழுவில் ஒருவரும் யோசனை சொல்லமாட்டார்கள். இரக்கமுள்ள பிள்ளைக்கு "இல்லை" சொல்ல வராது. கடைசியில் நாலு பேரின் வேலையையும் தானே செய்துகொண்டு, தும்புத்தடியோடு தனியே மண்டபத்தில் நிற்கும். ஒழுங்காய்ச் செய்கிற பிள்ளை வாணி விழாத் தோரணத்தை மூன்றாம் தரம் அவிழ்த்துக் கட்டும்போது பூசை தொடங்கிவிடும். நன்றாய்ப் பேசுகிற பிள்ளை கூட்டத்தைத் தன் பேச்சால் நிரப்பிவிட்டு எல்லோரும் உடன்பட்டதாய் நினைத்துக்கொள்ளும். நீதியுணர்வு கூடிய பிள்ளை பஸ் பிந்தியதால் தாமதித்த பிள்ளையையும் வேண்டுமென்றே பிந்தியவனையும் ஒரே வரிசையில் நிறுத்தும்.

ஒவ்வொரு பிள்ளையும் தன் பலத்தின் எதிர்ப்பக்கத்தில் இரண்டு வரி எழுதவேண்டும். அது கூடும்போது முதலில் தெரியும் அறிகுறி என்ன; அப்போது நான் செய்யும் ஒரு சின்னக் காரியம் என்ன. அறிகுறி உடலிலோ பேச்சிலோ தெரிவதாக இருக்கவேண்டும். "என்ரை குரல் உயருது", "மற்றாக்களின்ரை கையிலிருந்து சாமானை வாங்குறன்", "வீட்டை போயும் அதையே நினைக்கிறன்". செய்யும் காரியமும் அவ்வளவே சின்னதாய்: "குழுவில மூண்டு பேர் கதைச்ச பிறகுதான் நான் கதைப்பன்." "பொறுமையாய் இருப்பேன்" என்று எழுதினால் திருப்பிக் கொடுங்கள். அதை யாராலும் பார்த்துச் சரிபிழை சொல்ல முடியாது.

ஆறாம், ஏழாம் வாரம்: வேலை

இப்போது ஒவ்வொரு பிள்ளைக்கும் பத்துப் பாடசாலை நாளுக்கு ஒரு வேலை. உண்மையில் தேவைப்படுகிற வேலையாய், மூன்று முதல் ஐந்து பேரை வைத்துச் செய்வதாய் இருக்கவேண்டும். சிற்றுண்டிச்சாலை வரிசை, இடைவேளையில் நூலகம், சிரமதானம், தண்ணீர்த் தொட்டியடி, காலைப் பிரார்த்தனை ஒழுங்கு என்று ஒவ்வொரு பாடசாலையிலும் நிறைய உண்டு.

சைக்கிள் தரிப்பிடத்தை எடுத்துக்கொள்வோம். மணி அடிக்கிறது; இருநூற்றுச் சொச்சம் சைக்கிள், ஒரு வாசல். ஒருவரின் கைபிடி மற்றவரின் கூடையில் கொழுவும், ஒன்று சரிந்தால் வரிசையே சரியும். சத்தமாய்க் கட்டளையிடும் பிள்ளையை அங்கே நிறுத்துவதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். கவனித்துப் பார்க்கிற பலமுள்ள பிள்ளையை விட்டால், அது முதல் இரண்டு நாள் மூலையில் நின்று பார்க்கும். நெரிசல் வாசலில் இல்லை, உள்ளே இரண்டாம் வரிசையில் என்று கண்டுபிடிக்கும். காலையில் முதலில் வந்த சின்னப் பிள்ளைகளின் சைக்கிள்கள் உள்ளே. பிந்தி வந்த பெரியவர்கள் நடைபாதையிலேயே நிறுத்திவிட்டு மணி அடித்தும் கதைத்துக்கொண்டு நிற்கிறார்கள். சுண்ணாம்பால் நாலடி அகலத்துக்கு ஒரு பாதை கீறி அதில் நிறுத்தவிடாமல் காலை 7.15க்கு ஒருவர் நின்றால், பின்னேரம் கத்தவே தேவையில்லை. வேலை பின்னேரத்தில் தெரிகிறது, தீர்வு காலையில் இருக்கிறது.

அட்டையில் ஆறு விடயம் எழுதிக் கொடுங்கள்: என்ன வேலை, எந்த நாள்வரை, நீயே முடிவெடுக்கக்கூடியவை (வரிசை, குழுவினரின் முறை), கேட்டுத்தான் செய்யவேண்டியவை (காசு செலவாகும் எதுவும், வாசலைப் பூட்டுவது, ஒருவரை மறித்துவைப்பது), எந்த ஆசிரியரிடம் சொல்வது, முடிந்தது என்பதற்கு அடையாளம். கடைசியை எண்ணக்கூடியதாய் எழுதுங்கள்: "1.45க்குத் தரிப்பிடம் வெறுமை. விழுந்த சைக்கிள் இல்லை." மூன்றாவதை, அதாவது பிள்ளை தானே முடிவெடுக்கக்கூடியவற்றை, பல ஆசிரியர்கள் எழுதாமல் விடுகிறார்கள். அது இல்லாவிட்டால் பிள்ளை ஒவ்வொன்றுக்கும் உங்களிடம் ஓடிவரும், அல்லது ஒன்றுக்குமே வராது.

தண்டிக்கும் அதிகாரம் எந்த அட்டையிலும் இருக்கக்கூடாது. அடிப்பதும் முழங்காலில் நிறுத்துவதும் மாணவ முதல்வருக்குரிய வேலையல்ல. அதைக் கண்டுங்காணாமல் விட்டால் மேலே சொன்ன ஐந்து வாரமும் வீண்.

யாருக்கு எதைக் கொடுக்கிறீர்கள் என்று எழுதியபின் பட்டியலை ஒருமுறை நேர்மையாய்ப் பாருங்கள். கலவன் பாடசாலையில் கோலமும் பூவும் வரவேற்பும் பெண்பிள்ளைகளிடமும், ஒலிவாங்கியும் வாசலும் ஆண்பிள்ளைகளிடமும் போயிருக்கிறதா? அது கொப்பியிலிருந்து வந்ததா, நம் பழக்கத்திலிருந்து வந்ததா? பெரிய வேலைகள் நல்ல புள்ளி எடுப்பவர்களுக்கும் துடுப்பாட்ட அணிக்கும் மட்டும் போயிருக்கின்றனவா? "இது ஆற்றை பிள்ளை?" என்ற கேள்வி எங்காவது கையை நகர்த்தியிருக்கிறதா? பிள்ளைகள் இதைச் சொல்லமாட்டார்கள், ஆனால் அட்டை கொடுத்த அன்றே கணக்குப் பார்த்துவிடுவார்கள்.

எட்டாம் வாரம்: திரும்பிப் பார்த்தல்

வேலை முடிந்து இரண்டு நாளுக்குள், குழுவோடு 15 நிமிடம். என்ன நடக்கவேண்டும் என்று நினைத்தோம், என்ன நடந்தது, வித்தியாசம் ஏன், அடுத்தமுறை எதை மாற்றுவது. இரண்டு நாள் தாண்டினால் நடந்தது மறந்து நியாயம் மட்டும் ஞாபகத்தில் நிற்கும். பொறுப்பெடுத்த பிள்ளை கடைசியாய்ப் பேசவேண்டும். முதலில் பேசினால் மற்றவர்கள் தலையாட்டுவார்கள்.

நீங்கள் குறை சொல்லவேண்டி வந்தால் நாள், செயல், விளைவு மூன்றையும் சொல்லுங்கள். "உனக்குப் பொறுமை காணாது" என்பதைக் கேட்ட பிள்ளை என்ன செய்யும்? "செவ்வாய்க்கிழமை தரம் 7 பிள்ளை சைக்கிளை விழுத்தினோடனை நீ கத்தினனீ. அந்தப் பிள்ளை அடுத்த நாள் சைக்கிளை வெளியில மதிலோடை சாத்திப்போட்டு வந்தது" என்றால், அந்தப் பிள்ளையிடம் போய்ப் பேசவேண்டும் என்பது தானே விளங்கும். தனியே சொல்லுங்கள். நல்லதையும் இதேபோல் நாள், செயல், விளைவோடு சொல்லுங்கள். "கெட்டிக்காரி" என்ற சொல் இனிமையானது, ஆனால் எதைத் திரும்பச் செய்வது என்று அதில் இல்லை.

வேலை பிழைத்துப்போன பிள்ளைக்கு அட்டையை மாற்றி இன்னொரு பத்து நாள் கொடுங்கள். பெரும்பாலும் பிழை பொருத்தத்திலோ, எல்லை சரியாய் எழுதாததிலோ இருக்கும், அதாவது எங்கள் பக்கம்.

கடைசிப் பாடவேளையில் கொப்பியை மூடிவைத்துவிட்டு ஒவ்வொரு பிள்ளையிடமும் மூன்று கேள்வி கேளுங்கள். எந்த மாதிரி வேலையை நீ முதலில் கை உயர்த்தி எடுப்பாய்? எந்த வேலையை இந்த 24 பேரில் யாரிடம் கொடுப்பாய்? உன் பலம் அளவு மீறுகிறது என்று உனக்கு எப்படித் தெரியும்? இரண்டாவதுக்குத் தயங்காமல் பெயர் சொல்லும் பிள்ளைகள் எத்தனை என்று எண்ணுங்கள். சான்றிதழைவிட அந்த எண்ணிக்கை உங்களுக்கு உதவும். மற்றவரின் பலத்தைப் பெயரோடு சொல்லத் தெரியாத பிள்ளைகள் பாதிக்கு மேல் இருந்தால், அடுத்த தொகுதிக்கு நான்காம் வாரத்தை இரண்டு வாரமாக்குங்கள்.

கொப்பி பிள்ளையோடு வீட்டுக்குப் போகட்டும். அட்டைகளைக் கோவையில் போட்டு, ஒவ்வொன்றின் பின்னாலும் அடுத்த வருடம் அதே வேலையை எடுக்கும் பிள்ளைக்கு இரண்டு வரி எழுதச் சொல்லுங்கள். "சுண்ணாம்புக் கோடு மழைக்கு அழிஞ்சுபோகும், திங்கட்கிழமையில திரும்பக் கீறு" என்பது போல.